ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பேசும் கதவு

சனிக்கிழமை காலை. கேஎல் சென்ட்ரலை ஒட்டியிருக்கும் முஸியம் நெகாரா நிலையத்தில் எம்ஆர்டி ஏறி, துன் ரசாக் எக்ஸ்சேஞ்சில் புத்ராஜெயா தடத்துக்கு மாறினேன். ஓட்டுநர் இல்லாத ரயில். 57.7 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தத் தடம் 2023 மார்ச் 16ஆம் தேதி முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஸ்ரீ கெம்பாங்கான் போக நெடுஞ்சாலை நெரிசலில் நிற்க வேண்டியதில்லை.

எனக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் பெரியம்மா மகன் முந்தின இரவு கூப்பிட்டார். "அம்மா கேமரா மேல துண்டைப் போட்டு மூடிட்டாங்க. கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கறாங்க. நீ ஒரு எட்டு போய்ப் பாரும்மா."

போன வருடம் பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும்வரை இரண்டு மணி நேரம் யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தக் கேமரா. அண்ணன் பயந்ததில் தப்பில்லை.

செர்டாங் ராயா செலாத்தான் நிலையத்தில் இறங்கி, பெரியம்மாவுக்குப் பழம் வாங்க கிராப் எடுத்து மைன்ஸ் பேரங்காடிக்குப் போனேன். கட்டடத்துக்குள்ளேயே கால்வாய், அதில் படகு. வெளியே பெரிய ஏரி. ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் என்று பேசப்பட்ட இடம் அது. தோண்டிய பள்ளத்தில் நீர் நிறைந்து ஏரியானது.

ஊரின் கதையும் அந்தக் காலத்தோடு ஒட்டியதுதான். 1948இல் தொடங்கி 1960வரை நீடித்த அவசரகாலத்தில், கம்யூனிஸ்டுகளுக்கு உணவும் செய்தியும் போகாமல் தடுக்க, சிதறி வாழ்ந்த மக்களை ஆங்கில அரசு புதுக்கிராமங்களில் குடியேற்றியது. அப்படி உருவான செர்டாங் புதுக்கிராமம்தான் பின்னாளில் ஸ்ரீ கெம்பாங்கான் ஆனது. சுற்றிலும் முள்வேலி, வாசலில் காவல், இரவில் ஊரடங்கு.

பெரியம்மா வீட்டுக் கூடத்தில், அலமாரி மேல் இருந்த கேமராவைப் பச்சைத் துண்டு ஒன்று மூடியிருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பெரியம்மாவும் பார்த்தார்.

"அண்ணன் அனுப்பினானா?"

"ஆமா பெரியம்மா. அவருக்குப் பயம்."

"பயம் சரி. நான் சேலை மாத்தறதையும் அவன் வீட்டுல எல்லாரும் பார்க்கணுமா? காலாட்டிட்டு உட்கார்ந்தாகூட போன் வருது, 'ஏன்மா சாப்பிடல'ன்னு."

தே ஓ கலக்கிக்கொண்டே சொன்னார். ஆறேழு வயதில், தோட்டத்து லயங்களையும் வேலி போட்டு அடைத்திருந்த காலம். பால்வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்தி, அரிசி கொண்டுபோகிறார்களா என்று சோதிப்பார்கள். சோற்றுத் தூக்குகூடத் தப்பாது. "எங்க அம்மா மடியைத் தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன்மா. காவல்னு சொல்லித்தான் செஞ்சாங்க."

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேமரா பெரியம்மாவுக்கு நினைவூட்டியது அந்த வாசலை. அவரைக் கேட்காமல் அதை மாட்டியது எங்கள் தவறு.

ஆனால் அவர் மறுபடி விழுந்தால்? அந்தக் கேள்வியும் அப்படியே இருந்தது. இந்த இடத்தில்தான் இப்போது எல்லாரும் பேசும் 'பொருள்களின் இணையம்' என்ன என்று நிதானமாக யோசித்தேன்.

பெயர்தான் பெரிது. ஒரு பொருளுக்கு, தன்னைச் சுற்றி நடப்பதை உணரும் சிறு கருவியும், அதை இணையம்வழி வெளியே சொல்லும் வசதியும் கொடுப்பதுதான் விஷயம். 1999இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் வேலை பார்த்த கெவின் ஆஷ்டன் என்பவர்தான் இந்தப் பெயரை வைத்தார். கடைச் சரக்குகளில் ரேடியோ அலையால் படிக்கக்கூடிய வில்லையை ஒட்டினால், எது எங்கே இருக்கிறது என்று கணினி தானே தெரிந்துகொள்ளும் என்பது அவர் யோசனை. நம் காரில் ஒட்டியிருக்கும் டோல் ஆர்எஃப்ஐடி வில்லை அதன் சொந்தக்காரப் பிள்ளை. அதில் பேட்டரி கிடையாது. சாவடியிலிருந்து வரும் ரேடியோ அலையின் சக்தியிலேயே விழித்து, தன் எண்ணைச் சொல்லிவிட்டு அடங்கிவிடும்.

மாதம் முழுக்க ரேடியோவில் பேசிச் சம்பாதிக்கும் எனக்கு இது பிடித்திருந்தது. நாங்கள் மணிக்கணக்கில் பேசுகிறோம். அந்த வில்லை தேவையானதை மட்டும் சொல்கிறது.

பெரியம்மாவுக்கும் அப்படிப்பட்டது ஒன்றுதான் வேண்டும் என்று தோன்றியது. ஜப்பானின் சோஜிருஷி நிறுவனம் 2001ஆம் ஆண்டிலேயே இதைச் செய்தது. தனியாக வாழும் முதியவரின் வீட்டில் ஒரு மின்சார வெந்நீர்க் குடுவை. அவர் தேநீருக்குத் தண்ணீர் எடுத்தால் அந்தச் செய்தி பிள்ளைகளுக்குப் போகும். படம் இல்லை, குரல் இல்லை. அம்மா எழுந்துவிட்டார், தேநீர் போட்டார், அவ்வளவுதான்.

அண்ணனை அழைத்தேன். முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "கேமரா இருந்தா கண்ணால பார்க்கலாம்ல?" என்றார். பெரியம்மா போனை வாங்கி, "உன் படுக்கையறையில ஒண்ணு மாட்டு, நானும் பார்க்கறேன்" என்றார். அண்ணன் சிரித்துவிட்டார். அதோடு முடிந்தது.

மதியம் கடைக்குப் போய் இரண்டு கதவு உணர்கருவிகளும் ஓர் அவசரப் பொத்தானும், அவற்றை வீட்டு வைஃபையோடு இணைக்கும் பெட்டி ஒன்றும் வாங்கினோம். கதவுக் கருவி இரண்டு துண்டு. ஒன்றில் காந்தம், இன்னொன்றில் சிறு சுவிட்ச். கதவு திறந்தால் காந்தம் விலகும், சுவிட்ச் மாறும், சின்னதாக ஒரு ரேடியோ செய்தி பெட்டிக்குப் போகும். அங்கிருந்து இணையம்வழி எங்கள் கைப்பேசிக்கு. ஒன்று சமையலறைக் கதவில், ஒன்று குளியலறைக் கதவில். காலை எட்டு மணிவரை சமையலறைக் கதவு திறக்காவிட்டாலோ, மூடிய குளியலறைக் கதவு முக்கால் மணி நேரம் திறக்காவிட்டாலோ எங்கள் இருவருக்கும் எச்சரிக்கை வரும்படி வைத்தோம். பொத்தானைக் குளியலறைச் சுவரில், விழுந்து கிடந்தாலும் எட்டும் உயரத்தில் பெரியம்மாவே இடம் காட்டி ஒட்டச் சொன்னார்.

இணையமோ மின்சாரமோ போனால் இவை ஊமையாகிவிடும். அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணும் பட்டியலில் இருக்கிறது. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லையும் முதல் வேலையாக மாற்றினேன். 2016 அக்டோபரில் அமெரிக்காவில் பல பெரிய இணையத்தளங்கள் முடங்கின. காரணம், மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களோடு கிடந்த வீட்டுக் கேமராக்கள் போன்ற கருவிகள். மிராய் என்ற தீநிரல் அவற்றைக் கைப்பற்றித் தாக்குதலுக்குப் பயன்படுத்தியது.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. "ஆறு எப்படி இருக்கு பாரு, அப்புறம் கிளம்பு" என்றார் பெரியம்மா. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை நம் மக்கள் மறக்கவில்லை. வடிகால், நீர்ப்பாசனத் துறையின் பப்ளிக் இன்ஃபோபஞ்சிர் தளத்தைத் திறந்தேன். ஆற்றங்கரைகளில் நிற்கும் கருவிகள் நீர்மட்டத்தை அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. சாதாரண நிலை, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு படிகள். தலைநகரின் ஸ்மார்ட் சுரங்கப்பாதையும் இப்படித்தான். 2007இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் சுரங்கம். மழையையும் நீரோட்டத்தையும் அளக்கும் கருவிகள் சொல்வதைக் கேட்டுத்தான், எப்போது வாகனங்களை நிறுத்தி வெள்ளத்தை உள்ளே விடுவது என்று கட்டுப்பாட்டு மையம் முடிவெடுக்கிறது.

எம்ஆர்டியில் இன்னும் இரண்டு நிறுத்தம் தாண்டினால் யுபிஎம். 1931இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி வளர்ந்த பல்கலைக்கழகம். மண்ணின் ஈரத்தைக் கருவி சொல்ல, தேவையான அளவு மட்டும் நீர் பாய்ச்சும் துல்லிய வேளாண்மை அங்கே ஆய்வுப் பொருள். ஆற்றையும் மண்ணையும் எவ்வளவு கண்காணித்தாலும் அவை வெட்கப்படுவதில்லை. மனிதர் அப்படியில்லை.

வீட்டுக்கு இப்படி ஒரு கருவி வாங்குமுன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளலாம். இது எதையெல்லாம் பதிவு செய்கிறது? அதை யார் யார் பார்ப்பார்கள்? யாருக்காக வாங்குகிறோமோ, அவர் சம்மதித்தாரா? மூன்றாவதைத்தான் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

மறுநாள் விடியற்காலை, நிலையத்தில் ஒலிபரப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். 5.42க்குக் கைப்பேசி அதிர்ந்தது. 'சமையலறைக் கதவு திறந்தது.' பெரியம்மா எழுந்துவிட்டார். நிம்மதியாக ஒலிவாங்கி முன் உட்கார்ந்தேன்.

பத்து மணிக்குப் பெரியம்மாவே கூப்பிட்டார்.

"கதவு சொல்லிடுச்சுன்னு சும்மா இருந்துட்டியா? நீ ஒரு போன் பண்ணக்கூடாதா?"