செலவறிந்து செல்க

'செலவு' என்னும் சொல் பழந்தமிழில் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் செல்லுதலைக் குறித்தது. இன்றோ, அது கைப்பொருள் செல்லுதலையே பெரிதும் குறிக்கின்றது. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அடங்கியிருத்தல் பொருத்தமே. கால் செல்லும் வழியிற் காசும் செல்லுமன்றோ? ஆதலின், பயணம் மேற்கொள்வோன் தான் செல்லும் தொலைவை அறிவதோடு, தன் கையினின்று செல்லும் பொருளையும் அறிந்திருத்தல் வேண்டும். இதனை ஐரோப்பியக் கண்டத்து இரயில் பயணம் நன்கு விளக்கும்.

ஐரோப்பா பல நாடுகள் நெருங்கி அமைந்த கண்டம். ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவில் வண்டி ஏறியவன், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சுலோவாக்கியாவின் தலைநகராகிய பிராட்டிஸ்லாவாவில் இறங்கலாம். காலையிற் பாரிசில் உணவுண்டவன், நண்பகல் கடந்த சிறிது பொழுதில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரை அடையலாம். நாடுதோறும் மொழி வேறு. இரயில் நிறுவனம் வேறு. கட்டண முறையும் வேறு. இவ்வேறுபாடுகளுக்கிடையே எளிதாகச் சென்றுவர உதவுவதே 'இரயில் பாஸ்' என வழங்கும் பொதுச்சீட்டு. ஒருமுறை விலைகொடுத்து வாங்கிய அச்சீட்டைக் கொண்டு, குறித்த காலத்திற்குள் பல நாட்டு வண்டிகளிலும் ஏறிச் செல்லலாம்.

1959-ஆம் ஆண்டில் 'யூரெயில்' என்னும் பொதுச்சீட்டு 13 நாடுகளிற் செல்லுமாறு தோன்றிற்று. அது ஐரோப்பாவிற்கு வெளியே வாழ்வோர்க்கு உரியது. பன்னாட்டு இருப்புப்பாதைச் சங்கம் தோன்றிய ஐம்பதாம் ஆண்டாகிய 1972-இல், ஐரோப்பாவில் வாழும் 21 வயது வரையுள்ள இளைஞர்க்கென 'இண்டர்ரெயில்' தோன்றிற்று. 1998-இல் அதன் வயது வரம்பு நீங்கியது. இன்று இவ்விரு சீட்டும் 33 நாடுகளிற் செல்லும். ஒருவர்க்கு உரிய சீட்டு எது என்பதை அவர் வாழும் இடமே முடிவு செய்யும். சென்னையிலிருந்து செல்லும் மாணவன் யூரெயில் வாங்குதல் வேண்டும். ஜெர்மனியில் தங்கிப் பயிலும் தமிழ் மாணவன் இண்டர்ரெயில் வாங்கலாம். 27 வயது வரையுள்ள இளைஞர்க்கும், 60 வயது நிரம்பிய முதியோர்க்கும் விலையிற் குறைப்பு உண்டு.

இப்பொதுச்சீட்டு இருவகைப்படும். முதல் வகை, பதினைந்து நாளோ, ஒரு மாதமோ, அதற்கு மேலோ, இடைவிடாது செல்லுபடியாவது. இரண்டாம் வகை, ஒரு மாதத்திற்குள் பயணி தானே தேர்ந்துகொள்ளும் நான்கு, ஐந்து அல்லது ஏழு நாள்களில் மட்டும் செல்லுபடியாவது. இரண்டு மாதத்திற்குள் பத்து அல்லது பதினைந்து நாள்களுக்கு உரியனவும் உள. நாள்தோறும் ஊர்விட்டு ஊர் செல்வோனுக்கு முதல் வகை ஏற்றது. ஒவ்வோர் ஊரிலும் மூன்று நாள் தங்கி, கலைக்கூடங்களையும் கடைவீதிகளையும் ஆர அமரக் காண்போனுக்கு இரண்டாம் வகையே ஏற்றது. பயண நாள் என்பது நள்ளிரவிற் தொடங்கி மறு நள்ளிரவில் முடியும். எனினும், மாலையிற் புறப்பட்டு மறுநாட் காலையிற் சேரும் இரவு வண்டியில், நள்ளிரவிற்குப் பின் வண்டி மாறாது செல்வோனுக்கு, புறப்பட்ட நாள் ஒன்றே கணக்கிற் சேரும். இவ்விதியை அறிந்தவன் ஒரு நாளை மிச்சப்படுத்துவான். அறியாதவன் அதனை வீணே இழப்பான்.

இனி, விலையை மதிப்பிடும் முறையைக் காண்க. சீட்டின் விலை ஆண்டுதோறும் மாறுமாதலின், கணக்கிற்காகச் சில எண்களைக் கொள்க. ஏழு நாட் சீட்டின் விலை 350 யூரோ எனின், ஒரு நாளின் விலை 50 யூரோ ஆகும். ஒருவன் ஏழு நாளும் நெடுந்தொலைவு செல்கின்றான். ஒவ்வொரு பயணத்தின் தனிச்சீட்டும் 80 யூரோ. ஆக 560 யூரோ. அவனுக்குப் பொதுச்சீட்டு ஊதியம் தரும். மற்றொருவன் மூன்று நாள் நெடுந்தொலைவும், நான்கு நாள் 15 யூரோவில் முடியும் குறுந்தொலைவும் செல்கின்றான். அவனுடைய தனிச்சீட்டுகளின் விலை 240-உம் 60-உம் கூடி 300 யூரோவே. அவன் 350 யூரோ கொடுத்துப் பொதுச்சீட்டு வாங்குவானாயின், 50 யூரோவை இழப்பான். சீட்டு ஒன்றே, விலையும் ஒன்றே, ஒருவனுக்கு அஃது ஆதாயம், மற்றொருவனுக்கு இழப்பு. வியன்னாவினின்று பிராட்டிஸ்லாவா செல்லும் சிறு பயணத்திற்கு ஒரு பயண நாளைச் செலவிடுதல் சிக்கனம் ஆகாது.

இத்துடன் கணக்கு முடிந்ததோ எனின், இல்லை. பொதுச்சீட்டு உடையோனும் சில வண்டிகளில் இருக்கைக்கு முன்பதிவுக் கட்டணம் தனியே செலுத்துதல் வேண்டும். பிரான்சின் டி.ஜி.வி., ஸ்பெயினின் ஆவே, இத்தாலியின் பிரெச்சாரோசா ஆகிய அதிவேக வண்டிகளில் முன்பதிவு கட்டாயம். டி.ஜி.வி. வண்டிகளிற் பொதுச்சீட்டினர்க்கு ஒதுக்கப்படும் இடங்களும் அளவுடையன. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் உள்நாட்டு வண்டிகள் பெரும்பாலானவற்றில் முன்பதிவின்றியே ஏறலாம். ஆகவே, எந்நாடுகளிற் செல்கின்றான் என்பதையும் பொறுத்தே சீட்டின் உண்மை விலை அமையும்.

நாடுதோறும் வேறு வாய்ப்புகளும் உள. ஜெர்மனியில் 2023 மே மாதத்திற் தோன்றிய 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' என்னும் மாதச்சீட்டு, நாடு முழுவதும் வட்டார இரயில்களிலும், நகரப் பேருந்துகளிலும், டிராம் வண்டிகளிலும் செல்லும். அதிவேக வண்டிகளிற் செல்லாது. தொடக்கத்தில் 49 யூரோவாக இருந்த அதன் விலை 2025-இல் 58 யூரோ ஆயிற்று. அது சந்தா முறையில் அமைந்ததாதலின், உரிய காலத்தில் நிறுத்தாதவனிடம் அடுத்த மாதக் கட்டணமும் பெறப்படும். சுவிட்சர்லாந்தின் 'சுவிஸ் டிராவல் பாஸ்' இரயிலுக்கு மட்டுமன்றிப் பேருந்திற்கும் ஏரிப் படகிற்கும் உதவும். எனினும், உயர்ந்த மலைப் பாதைகள் சிலவற்றில் அது கட்டணக் குறைப்பை மட்டுமே தரும். லக்சம்பர்க் நாட்டிலோ, 2020 பிப்ரவரி 29-ஆம் நாள் முதல் இரயிலின் இரண்டாம் வகுப்பிலும் பேருந்திலும் கட்டணமே இல்லை. இலவசமாகச் செல்லத்தக்க நாட்டில் விலைகொடுத்து வாங்கிய பயண நாளைக் கழித்தல், மழை பெய்கையில் நீரை விலைக்கு வாங்குதலை ஒக்கும்.

மேலும், அதிவேக வண்டிகளின் தனிச்சீட்டு, பல வாரம் முன்னரே வாங்குவோர்க்கு மிகக் குறைந்த விலையிற் கிடைப்பது வழக்கம். ஆயின், அத்தகைய மலிவுச் சீட்டு பெரும்பாலும் குறித்த நாளில், குறித்த வண்டிக்கே உரியது. அவ்வண்டியைத் தவறவிட்டவன் பணத்தையும் இழப்பான். பொதுச்சீட்டு உடையோனோ, முன்பதிவு வேண்டாத பாதையில், மழை பெய்யின் ஒரு நாள் தங்கலாம். மலை அழகாகத் தோன்றின் இடைநிலையத்தில் இறங்கலாம். இவ்வுரிமைக்கும் ஒரு விலை உண்டு. நாளும் ஊரும் முன்னரே உறுதி செய்தவனுக்கு அவ்வுரிமை பயன்படாது. அவன் அதற்கு விலை கொடுத்தல் வேண்டா. போகும் வழியிலேயே போகும் ஊரைத் தேர்வோனுக்கு அவ்வுரிமையே பெரும் பொருள்; அதற்குச் சிறிது மிகுதியாகக் கொடுப்பினும் குற்றமில்லை.

இங்கே தவிர்க்க வேண்டிய தவறு ஒன்று உண்டு. 'எத்தனை முறையும் ஏறலாம்' என்ற சொல்லில் மயங்கி, பெருஞ்சீட்டை வாங்கியவர் சிலர், கொடுத்த விலையை மீட்கும் பொருட்டு நாள்தோறும் வண்டி ஏறுவர். வெனிஸ் நகரின் நீர்வழிகளைக் காணுமுன் அடுத்த வண்டிக்கு ஓடுவர். பிராகா நகரின் பழம்பாலத்தில் நின்று ஆற்றைப் பார்க்கவும் அவர்க்குப் பொழுதிராது. பயணத்திற்காகச் சீட்டு என்ற நிலை மாறி, சீட்டிற்காகப் பயணம் என்றாகிவிடும். அவர் கண்டவை நிலைய மேடைகளும் கடிகாரங்களுமே. காசு மீண்டதாகக் கணக்குக் காட்டினும், காணவந்த காட்சி மீளாது.

ஆதலின், சீட்டின் பட்டியலைப் பார்க்குமுன் பயணி தன் கருத்தைப் பார்த்தல் வேண்டும். காண விரும்பும் ஊர்கள் எவை? ஒவ்வோர் ஊரிலும் தங்கும் நாள் எத்தனை? நெடும்பயணம் எத்தனை? இவற்றை ஒரு தாளில் எழுதி, தனிச்சீட்டின் விலைகளைக் கூட்டி, பொதுச்சீட்டின் விலையோடு முன்பதிவுக் கட்டணத்தையும் சேர்த்து ஒப்பிடுக. நெடும்பயணத்திற்குப் பொதுச்சீட்டும் குறும்பயணத்திற்குத் தனிச்சீட்டுமாக இரண்டையும் கலந்து கொள்ளுதலும் ஆகும். குறைந்த விலையுடையதெல்லாம் நல்லதன்று. மிகுதியாகத் தருவதெல்லாம் நமக்கு வேண்டுவதன்று. தன் தேவையின் அளவை அறிந்தவன், வழிச்செலவிலும் வாழ்க்கைச் செலவிலும் ஏமாறான்.