இளைச்ச காத்து

நீங்க மே மாசம் கல்லங்குறிச்சி வந்திருக்கீங்களா? அந்த ஊர்ல உட்கார்ந்து, காத்தை இன்னும் சூடாக்கணும்னு ஒருத்தன் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எடுத்தான். சிரிக்காதீங்க, அது நான்தான்.

பெட்ரோல் எரிஞ்சு வர்ற சக்தியில் ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு சைலன்சர் வழியா வீணாப் போகுது. அந்தச் சூட்டைப் பிடிச்சு ஏர் ஃபில்டருக்கு அனுப்பினா பெட்ரோல் நல்லா ஆவியாகும், மைலேஜ் ஏறும். இதுதான் ஐடியா. குளிர் நாடுகள்ல பழைய கார்புரேட்டர் கார்களுக்குக் கம்பெனியே இப்படிக் குழாய் வச்சுக் கொடுத்தாங்க. அங்கே கார்புரேட்டருக்குள்ள ஐஸ் பிடிக்கும். நமக்கு எங்கே ஐஸ்?

ஆனா எனக்குத் தைரியம் கொடுத்தது சிமெண்ட் ஆலை. எங்க பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சூளையில வெந்து, 1000 டிகிரிக்கு மேல கொதிக்கிற கிளிங்கரா வெளியே வரும். அதை ஆறவைக்க ஊதுற காத்துல பாதி, சூட்டோடயே சூளைக்குத் திரும்பிப் போகும். எரிபொருள் மிச்சம். சூளைக்குச் சரின்னா காருக்கு ஏன் கூடாது?

அம்மாகிட்ட ரெண்டாயிரம் வாங்கி, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல தகரக் கூடு வெல்டிங் பண்ணி, மாமாவோட பழைய கார்ல மாட்டினேன். டேங்க் ரொப்பி அரியலூருக்கும் ஊருக்குமா ஒரு வாரம் ஓட்டினோம். மைலேஜ் சொல்லிக்கிற மாதிரி மாறல. ஏத்தத்துல மட்டும் இன்ஜின் 'கடகட'ன்னு தட்டுச்சு. ரிவ்யூவுக்குப் பத்து நாள்தான்.

அப்பா சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுறவர். எதுவும் பேசாம வண்டி கேபினைத் தூக்கி, ரேடியேட்டர் முன்னாடி இருந்த இன்டர்கூலரைக் காட்டினார். "காத்தை ஆறவைக்க இவ்ளோ பெரிய டப்பா வச்சிருக்கான். நீ சூடாக்குறியே தம்பி? சூடான காத்து இளைச்ச காத்துடா."

கணக்குப் போட்டேன். 40 டிகிரி காத்தை 70 ஆக்கினா, அதே சிலிண்டருக்குள்ள போற காத்து எடையில சுமார் 9 சதவீதம் குறையுது. சூளைக்கு வேண்டியது சூடு, அதனால அங்கே லாபம். இன்ஜினுக்கு வேண்டியது காத்து. மெதுவா ஓட்டும்போது த்ராட்டிலைக் கூடத் திறக்கணும், அதனால உறிஞ்சுற சிரமம் கொஞ்சம் குறையும். நிஜ லாபம் அவ்ளோதான். இழுவை வேணும்னா தட்டல்.

எல்கேஜியிலேர்ந்து இங்கிலீஷ் மீடியம். 'டென்சிட்டி' ஃபார்முலா தூக்கத்துலகூட சொல்வேன். ஆனா இளைச்ச காத்துன்னு கேட்ட அன்னிக்குத்தான் அது எனக்குள்ள இறங்குச்சு. ரிவ்யூவில் ஸ்லைடை ஒதுக்கிட்டு அதையே சொன்னேன். மார்க் சுமார்தான். "இதை முதல்லயே யோசிக்கலையா?"ன்னு கைடு கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

தகரக் கூட்டை மாமா கழட்டிட்டார். இப்போ அவர் வீட்டுக் கோழிங்க அதுலதான் தண்ணி குடிக்குதுங்க.