பெடியளை எப்ப இறக்கிறது?

1995 சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. ஏசி மிலானுக்கு எதிராக அஜாக்ஸின் ஒரே கோலை 85ஆவது நிமிடத்தில் அடித்தவர் 18 வயது குளுய்வர்ட். மாற்று வீரராக இறங்கின பெடியன்!

மன்செஸ்டர் யுனைட்டட்டில் 1937இலிருந்து ஒவ்வொரு போட்டிக் குழுவிலும் அவர்களே வளர்த்த ஒருவராவது இருந்து வருகிறார். ஆனால் இப்போதைய கணக்கு வேறு. சொந்த அகடமி வீரருக்கு வாங்கின விலை இல்லை. விற்றால் அநேகமாக முழுக்காசும் இலாபக் கணக்கில் ஏறும். சிறுவயதிலிருந்து வளர்த்த மேசன் மவுண்டை செல்சி 2023இல் அதே யுனைட்டட்டுக்கு விற்றது. வளர்க்கிறது விளையாடவோ, விற்கவோ?

எங்கட யாழ்ப்பாணப் பக்கம் விற்கிற கதையே இல்லை. இளவாலை யங் ஹென்றீசியன்ஸ் கழகத்தின் பெயரிலேயே புனித ஹென்றியரசர் கல்லூரி இருக்கு. பாசையூர், நாவாந்துறைப் பக்கமும் பெடியள் ஊருக்குள்ளயிருந்துதான் வரவேணும்.

சிக்கல் சுற்றுப்போட்டியில. விலகல் முறையில் ஒரு தோல்வியோட வீட்டுக்குப் போகவேணும். பிறகு எந்தப் பயிற்றுநர் 17 வயதுப் பெடியனை நம்பி இறக்குவார்? ஊர்ச்சனம் வேற கோட்டுக்கு வெளியில நின்று கத்தும். (அதில நானும் ஒராள்.) மூத்தவர்களே கடைசிவரை ஓடுவார்கள், பெடியள் வாங்கிலிலேயே இருந்து, ஒருநாள் வெளிநாட்டுக்குப் பறந்திடுவாங்கள்.

லீக் முறைப் போட்டிகளைக் கூட்டுங்கோ. பெரிய ஆட்டத்துக்கு முன்னம் அதே கழகங்களின் 20 வயதுக்குட்பட்ட அணிகளையும் மோத விடுங்கோ. மைதானம், நடுவர், சனம் எல்லாம் அங்கதானே இருக்கு?