வெயில் நமக்குப் புதுசா என்ன?

காரைக்குடிக்காரனிடம் போய் "வெயில் ஜாக்கிரதை" என்று சொன்னால் எப்படி இருக்கும்? கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான்! லே விமான நிலையத்தில் டாக்ஸி டிரைவர் என்னிடம் அதைத்தான் சொன்னார். "ரெண்டு நாள் ரூமை விட்டு வெளியே வராதீங்க" என்று இலவச இணைப்பு வேறு.

கோடை வெயிலில் கொப்புடையம்மன் தேர் பார்த்த உடம்பய்யா இது! தொப்பிகூட இல்லாமல், வந்த அன்றைக்கே சாந்தி ஸ்தூபியின் சுமார் 500 படிகளை ஏறக் கிளம்பினேன். குன்றக்குடி மலையை மூச்சு வாங்காமல் ஏறுகிறவனுக்கு இது என்ன ஜுஜுபி!

பாதிப் படியிலேயே நுரையீரல் ஸ்டிரைக் அறிவித்துவிட்டது.

காரைக்குடி, கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட உயரமில்லை. லே, சுமார் 3,500 மீட்டர். இரண்டு ஊரிலும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவிகிதம்தான். ஆனால் அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கே. பி.காம். பாஷையில் சொன்னால், வட்டி விகிதம் அதேதான், முதல் குறைந்துவிட்டது!

வெயிலும் வேறு ஜாதி. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவிகிதம்போல் கூடுமாம். வேர்க்காது, புழுங்காது; சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தால் மூக்குத் தோல் உரிந்திருக்கும். சுவர் நிழலுக்குள் போனாலோ ஸ்வெட்டர் தேட வேண்டும். மெல்லிய காற்று, சூட்டைப் பிடித்து வைக்காது.

அன்று ராத்திரி தலை இரண்டாகப் பிளக்கிற வலி. வாந்தி. "ஒண்ணுமில்லே, டெல்லியில சாப்பிட்ட பூரி" என்று சமாளித்தேன். மனைவி நம்பவில்லை. விடுதி நடத்தும் பாட்டியம்மாவை எழுப்பிவிட்டாள். அவரை எல்லோரும் 'அம்மாலே' என்கிறார்கள், நம் ஊர் ஆச்சி மாதிரி. அவர் என் முகத்தைப் பார்த்ததுமே மகனை ஜீப் எடுக்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில் விரலில் கிளிப் மாட்டினார்கள். 68! பரீட்சையில் அது ஃபர்ஸ்ட் கிளாஸ்; ரத்த ஆக்ஸிஜனில் ஃபெயில். "காலைக்குள் தேறாவிட்டால் கீழே இறக்குவதுதான் மருந்து" என்றார் டாக்டர். மூக்கில் குழாயோடு நான் படுத்திருக்க, மனைவி ராத்திரி முழுக்க என் கையை விடவில்லை. அந்தக் கையின் நடுக்கம் குளிரினால் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

தேறிவிட்டேன். பிறகு இரண்டு நாள் அம்மாலே வீட்டு ஜன்னலோரமே கதி. தடித்த மண் சுவர், தெற்குப் பார்த்த பெரிய ஜன்னல். பகல் வெயிலை உள்ளே வாங்கிச் சுவரில் சேர்த்து, ராத்திரிக்குச் செலவழிக்கிறார்கள். பக்கத்து ஃபே கிராமத்தில் ஸெக்மால் பள்ளியையே இந்தக் கணக்கில்தான் மண்ணால் கட்டியிருக்கிறார்கள்.

நான் குடியிருப்பது செட்டிநாட்டுப் பழைய வீடு ஒன்றின் பின்கட்டில். அங்கும் தடித்த சுவர்தான். ஆனால் திண்ணை, முகப்பு, வளவு என்று வெயிலை வாசலிலேயே நிறுத்திவைத்து, சூட்டை முற்றம் வழியாக மேலே அனுப்பிவிடுகிற ஏற்பாடு. ஒரே சூரியன், அங்கே வரவு, இங்கே பற்று.

ஊர் திரும்பியதும், கிளம்பும்போது மப்ளர் கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு ஆச்சியிடம் அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

"குளிரூருக்குப் போறேன்னுட்டு, இப்படிக் கருகிப்போய் வந்திருக்கியே தம்பி?" என்றார்.