அம்மைக்கு வேப்பிலை, அக்கிக்கு?

வீட்டில் குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டால் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாசலில் வேப்பிலை செருகிவிடுவோம். தனிப் பாய், தனித் தட்டு. வெளியார் படியேற மாட்டார்கள். அதே வீட்டுப் பெரியவர்களுக்கு அக்கி வந்தால்? காவி குழைத்து எழுதிக்கொண்டு, பேரக் குழந்தையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார்கள்!

சகோதரிகளே, சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரஸின் வேலைதான். அம்மை இறங்கின பிறகும் அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பின் வேரில் பல வருஷம் தூங்கிக் கிடக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது விழித்துக்கொண்டு, முதுகிலோ இடுப்பிலோ ஒரு பக்கமாகப் பட்டை போட்டாற்போல் கொப்புளிக்கும். அந்தக் கொப்புள நீர் மேலே பட்டால், அதுவரை அம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை வரும்.

என் மாமியாருக்கு 72 வயதில் இடுப்பில் அக்கி வந்தது. அதே வாரம் நாத்தனார் வீட்டில் பேத்திக்கு வளைகாப்பு. டாக்டரம்மா முதலில் கேட்டதே, "வீட்டில் கர்ப்பிணி, கைக்குழந்தை உண்டா?" என்பதுதான். நாத்தனாருக்குப் போன் செய்தேன். "அவளுக்கு அம்மையே போட்டதில்லை அண்ணி, தடுப்பூசியும் போடலை" என்றாள்.

மாமியாருக்கு முகம் வாடிவிட்டது. "நான் என்ன தீட்டா?" என்றார்.

"தீட்டு இல்லை அத்தை. உங்களுக்கு வலியோடு போகும். மாசமாக இருப்பவளுக்கு அம்மை வந்தால் நிமோனியா வரை இழுத்துவிடும். பிரசவ சமயத்தில் வந்தால் குழந்தைக்கே ஆபத்தாம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, போனிலே காட்டச் சொல்லு" என்றார். பொருக்கெல்லாம் காய்ந்து உதிர்ந்த பிறகுதான் பேத்தியைப் பார்க்கப் போனார்.

அக்கி கண்டால் முதல் 3 நாளுக்குள் டாக்டரிடம் போய் மருந்து ஆரம்பித்துவிடுவது நல்லது. கண் பக்கம் வந்தால் அன்றைக்கே ஓட வேண்டும். காவியால் கிருமி போகாது; புண்ணில் சீழ் பிடிக்கவும் கூடும். கொப்புளத்தைச் சுத்தமான துணியால் மூடுங்கள். துண்டும் துணிமணியும் தனியாக இருக்கட்டும். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

சின்னம்மை இன்னும் வேகமாகப் பரவும். இருமல், தும்மல், மூச்சுக் காற்று எல்லாம் வழிதான். கொப்புளம் தெரிவதற்கு 2 நாள் முன்பிருந்தே ஒட்டிக்கொள்ளும். வெளிப்பட 10 முதல் 21 நாள் ஆகும். எல்லாம் பொருக்குத் தட்டும் வரை குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள்.

கல்யாண வயதில் பெண் இருந்தால், அவளுக்கு அம்மை போட்டிருக்கிறதா என்று இப்போதே நினைவுபடுத்திப் பாருங்கள். இல்லையென்றால் தடுப்பூசி இருக்கிறது. கர்ப்பமான பிறகு அதைப் போடக் கூடாது. முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். மாசமாக இருக்கும்போது அம்மையோ அக்கியோ வந்தவர்களோடு பழக நேர்ந்துவிட்டால், கொப்புளம் வரட்டும் என்று காத்திராமல் உடனே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.