கச்சான் காற்றும் கியர் எண்ணெயும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே திருகோணமலை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, ஏறாவூரையும் செங்கலடியையும் தாண்டி, கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள வந்தாறுமூலையையும் கடந்து, சித்தாண்டி முருகனை வண்டியில் இருந்தவாறே கும்பிட்டுக்கொண்டு மேலும் சென்றால், சந்திவெளிக்கு அப்பால் வருவது கிரான். நகரிலிருந்து 30 கிலோமீற்றருக்கும் குறைவான தூரமே. பாசிக்குடாக் கடலைக் காண விரையும் உல்லாசப் பிரயாணிகள் இவ்வூரை ஊடறுத்துச் செல்கிறார்களேயன்றி இறங்கிப் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நாம் விடை சொல்ல முற்படவில்லை. மேற்கே இறங்கிச் செல்லும் தெருவிலே நடந்து, நீர்ப்பரப்பின் ஓரத்தில் நின்று, அக்கரையிலே புலிபாய்ந்தகல்லின் பக்கமாகச் சூரியன் விழுவதை ஒரு மாலை அவர்கள் பார்த்தாற் போதும்.

வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் மட்டக்களப்பார் வழங்குவர். ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை! இதைவிட அழகாக ஒரு நாட்டை இரண்டாகப் பகுத்த பெயர்களை நாம் வேறெங்கும் கேட்டதில்லை. எழுவான்கரையிலே வீடும் வளவும், படுவான்கரையிலே வயலும் மாடுமாக வாழும் குடும்பங்கள் கிரானிலே பல. மாரி பெருகி அக்கரைத் தெரு நீரில் மூழ்கிவிட்டால் தோணியும் உழவு இயந்திரமுமே கதி.

நாம் சென்றதோ மாரியில் அன்று. ஓகஸ்ட் மாத விடுமுறையில். கச்சான் வீசுகின்ற காலம். தென்மேற்குப் பருவக்காற்று தான் கொண்டுவந்த மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவிலே கொட்டித் தீர்த்துவிட்டு, வெறுங்கையோடு மலையிறங்கி வரும்போது காய்ந்து சூடேறி இப்பக்கம் வருகிறது. அதுவே கச்சான். முற்றத்து மணல் கொதிக்கும். கொடியிலே போட்ட ஈர வேட்டி அரைமணி நேரத்தில் உலர்ந்துவிடும். இந்தக் காற்றிலேதான், அக்காவின் வீட்டு வேப்பமரத்தின் கீழே, ஒரு பழைய காருக்குச் சூடு தணிக்கும் வேலையை நாம் மேற்கொண்டோம்.

அத்தானுடைய கார் 1990களில் ஜப்பானிலே செய்யப்பட்டது. கால் மிதித்துக் கியர் மாற்றும் வேலையில்லாத, ‘ஓட்டோ கியர்’ வண்டி. ஊர்க்காரர் அதனை அத்தானின் கார் என்று கருதுவதில்லை. நள்ளிரவிலே பிரசவ வேதனை கண்டவர்களையும், பாம்பு கடித்தவர்களையும் வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றது அந்தக் கார். எனவே அது ஓடாமற் போவதென்பது ஒரு வீட்டுக் கவலை மட்டுமன்று. புதிதாக ஒன்று வாங்கலாமே என்பார்க்கு ஒரு வார்த்தை. 2020 மார்ச்சிலே நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளிலே பழைய கார்கள் பொன்னாக மாறின. திறந்த பின்பும் வரிச்சுமையைக் கேட்ட வயற்காரர் எவரும் புதுக்காரைப் பற்றிக் கனவு காணவில்லை.

பழைய வண்டியைச் சாகவிடாமல் வைத்திருக்கும் கலை எம்மவர்க்குப் புதிதுமன்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலே யாழ்ப்பாணத்து ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெய் குடித்து ஓடிய கதையை வீட்டுப் பெரியவர்களிடம் மாணவர்கள் கேட்டறியலாம். சிறிது பெற்றோலைத் துளிகளாக ஊற்றி உயிர்ப்பித்து, பின்பு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். அந்தக் கார்கள் எளியவை. ஒரு சாவியும் துணிவும் போதும். ஓட்டோ கியர் அப்படிப்பட்டதன்று. அதைத் திறக்கத் துணியும் கைவினைஞர் கிரானின் சுற்றுவட்டாரத்திலே இல்லை. அது கெடாமல் காப்பதுதான் வழி.

கெட்டுப்போகும் நிலை ஏன் வந்தது? மருமகள் பதுளையிலுள்ள ஊவா வெல்லச பல்கலைக்கழகத்திலே படிக்கிறாள். தவணை தொடங்கும்போதெல்லாம் அவளையும் அவளுடைய பெட்டி, படுக்கை, அரிசி, கருவாடு சகலத்தையும் ஏற்றிக்கொண்டு கார் மலையேற வேண்டும். செங்கலடியிலே பிரியும் பதுளை வீதி கரடியனாறு, மகா ஓயா, பிபிலை வரை பெரும்பாலும் சாதுவாகச் செல்லும். அதற்குமேல் லுணுகலையும் பசறையும் வண்டியைச் சோதிப்பவை. சென்ற தடவை லுணுகலைக்குச் சற்று முன்னே, பொழுது சாயும் வேளையிலே, யந்திரம் இரைந்தும் சக்கரம் உருளாமல் கார் தயங்கி நின்றுவிட்டது. கருகிய வாடை வேறு. ஒரு மணித்தியாலம் ஆறவிட்டு மெல்ல மெல்ல ஏறியிருக்கிறார்கள். “கார் நிண்டதுக்குப் பயமில்ல மாமா, அப்பா ஒண்டும் பேசாம இருந்ததுதான் பயம்” என்றாள் மருமகள்.

இந்த யந்திரத்தின் உள்விஷயத்தைச் சிறிது சொல்ல வேண்டும். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் சுழலவிட்டால், அதன் காற்றுப் பட்டு மற்றதும் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை நினைத்துக்கொண்டால் ஓட்டோ கியரின் முற்பகுதி விளங்கிவிடும். ஹேர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜேர்மன் பொறியியலாளர் 1905 இல் கப்பல்களுக்காகக் கண்ட உபாயம் இது. 1940 ஆம் ஆண்டு மாதிரி ஒல்ட்ஸ்மொபைல் கார்களிலே அமெரிக்கர் இதனைத் தாமே மாறும் கியர்ப்பெட்டியோடு இணைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தனர். மலையேறும்போது முன் விசிறி வேகமாகவும் பின் விசிறி மெதுவாகவும் சுற்றும். அந்த வித்தியாசம் முழுவதும் எண்ணெயிலே உஷ்ணமாக இறங்கும். சமதரையில் ஓடுகையில் இச்சூடு பொருட்டன்று. ஐந்து பேரும் அரிசி மூட்டையுமாக ஏற்றத்திலே ஊர்ந்தாற் கதை வேறு.

பொறியியலாரிடையே வழங்கும் ஒரு கணக்கு உண்டு. எண்ணெயின் சூடு 80 பாகை செல்சியஸைத் தாண்டி ஒவ்வொரு 11 பாகை ஏறும்போதும் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது. அப்படியானால் 124 பாகையிலே ஆயுள் பதினாறில் ஒரு பங்கு! பெருக்கல் வாய்பாடு கற்ற பிள்ளையும் இதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். எண்ணெய் கெட்டபின் உள்ளே ஒன்றையொன்று பற்ற வேண்டிய தட்டுகள் வழுக்கும். வழுக்க வழுக்க இன்னும் சூடேறும்.

நல்ல எண்ணெய் மாதுளம் முத்தின் நிறமாய்த் தெளிந்திருக்கும். கபிலம் ஏறிக் கருகல் மணம் வீசினால் தட்டுகள் வெந்திருக்கின்றன. பால் கலந்த ரோசா நிறமாய் இருந்தாலோ, ரேடியேற்றரின் நீர் எண்ணெயோடு கலந்துவிட்டது. அதற்குக் கூலர் மருந்தாகாது. அத்தானின் காரிலே அளவுக் கம்பியை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தோம். சிவப்பு மங்கியிருந்தது, இலேசான கருகல் மணமும் இருந்தது, ஆயினும் துணியிலே கரித்தூள் ஒட்டவில்லை. தப்பித்துவிட்டது என்றே தோன்றியது.

கொழும்பிலே பஞ்சிகாவத்தை என்றொரு வீதி உண்டு. வாகன உதிரிப்பாகம் எதுவாயினும் அங்கே கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று சொல்லவேண்டும் என்பார்கள். அங்கிருந்து, விரித்த கொப்பி அளவினதான ஓர் அலுமினிய ‘ஒயில் கூலர்’, கியர் எண்ணெய்க்கென்றே செய்யப்பட்ட ரப்பர்க் குழாய் இரண்டு மீற்றர், எட்டுக் கிளிப்புகள், கார்க் கைந்நூல் குறிப்பிட்ட இன எண்ணெய் ஐந்து லீற்றர் ஆகியவற்றை நாம் முன்னரே வாங்கி வந்திருந்தோம். குழாய் விஷயத்தில் சிக்கனம் கூடாது. தண்ணீர்க் குழாயைப் பூட்டினால் சூடான எண்ணெயிலே அது உப்பி இளகிவிடும்.

துணைக்கு வந்தவர் சந்திவெளிப் பக்கத்திலே சிறு கராஜ் வைத்திருக்கும் ஓர் இளைஞர். காரின் முகப்பைக் கழற்றியவுடன் அவருக்கும் எமக்கும் வாதம் ஆரம்பித்தது. இத்தகைய கார்களிலே கியர் எண்ணெய் ஏற்கெனவே ரேடியேற்றரின் அடித்தொட்டிக்குள் உள்ள ஒரு சிறு குழலினூடாகச் சென்று ஆறித் திரும்புகிறது. அந்த வழியை அறவே விட்டுவிட்டுப் புதிய கூலரை மட்டும் பூட்டுவதா, இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைப்பதா?

“சேர், இது உப்புக் கரை. கிணத்துத் தண்ணி ஊத்தி ஊத்தி ரேடியேற்றரெல்லாம் உள்ளுக்கு உக்கிப் போகும். ஒரு நாளைக்குத் தண்ணியும் ஒயிலும் கலந்தா முழுக் கியரும் போச்சு. ரேடியேற்றரை விட்டுப்போட்டு நேரே போடுவம்” என்றார் அவர்.

அவர் சொன்னது அனுபவ உண்மை. உவர் கலந்த கிணற்று நீர் உலோகத்தை அரிக்கும். கரையோரத்துக் கார்கள் பலவற்றுக்கு அதுவே யமன். ஆயினும் இந்தக் காரின் ரேடியேற்றர் மாற்றி ஓராண்டே ஆகியிருந்தது. மேலும் ரேடியேற்றருக்கு இன்னொரு குணம் உண்டு. குளிர் நேரத்திலே அதுவே எண்ணெயைச் சூடேற்றியும் கொடுக்கும். கிரானிலே இதற்குத் தேவையில்லை. மலைநாட்டு மார்கழி விடியலிலே தேவை உண்டு. ஆகவே இரண்டும் இருக்கட்டும், முதலில் ரேடியேற்றர், பின்பு கூலர் என்று நாம் தீர்த்தோம். ஒரு நிபந்தனையும் விதித்தோம்: இனிமேல் கிணற்று வாளி இந்த ரேடியேற்றரின் பக்கம் வரலாகாது, வடித்த நீரும் அதற்குரிய கூலன்ற் திரவமுமே ஊற்ற வேண்டும். அக்கா அந்த வாளியை அப்போதே கோழிகளுக்கு ஒதுக்கிவிட்டார்.

ரேடியேற்றரை விட்டு எண்ணெய் திரும்பும் குழாய் எது என்று முதலில் அறிய வேண்டும். தம்பி அதை அழகாகச் செய்தார். அடித்தொட்டியிலே ஒரு குழாயைக் கழற்றி, குழாய் முனையின் கீழே ஒரு போத்தலும், தொட்டி மூக்கின் கீழே இன்னொரு போத்தலும் பிடித்தார். அத்தான் யந்திரத்தை இரண்டு விநாடி இயக்கி நிறுத்தினார். எண்ணெய் தொட்டி மூக்கிலிருந்து பீறிட்டது. ஆகவே கழற்றியதுதான் திரும்பிச் செல்லும் குழாய். குழாய் முனையிலிருந்து வந்திருந்தால் மற்றது.

கூலரை ஏ.சி. கொண்டென்சருக்கு முன்னே, காற்று நேரே படும் இடத்திலே வைத்தோம். ரேடியேற்றரின் மெல்லிய இதழ்களுக்கூடாகப் பிளாஸ்ரிக் வாரைக் கோத்து இறுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. எமக்கு அது உடன்பாடன்று. வண்டி அதிர அதிர வார் இதழை அறுக்கும். அலுமினியப் பட்டியிலே இரண்டு கால்கள் வளைத்து, ரேடியேற்றரைத் தாங்கும் இரும்புச் சட்டத்திலே ஆணி பூட்டினோம். இடையிலே ஒரு விரல் இடைவெளி. கூலரின் இரு மூக்குகளும் மேல்நோக்கி இருந்தால் காற்று உள்ளே சிறைப்படாது. குழாயைத் தகட்டு விளிம்பு உரசாதவாறு வளைத்துக் கொண்டுசென்று, உரசக்கூடிய ஓரிடத்திலே பழைய குழாயைக் கீறி உறையாகப் போர்த்தினோம். மூட்டு ஒவ்வொன்றிலும் குழாய் ஓர் அங்குலம் உள்ளே ஏறியபின் இரண்டு கிளிப்புகள். வெயில் முற்றத்தின் நடுவுக்கு வந்தபோது அக்கா மோர் கொண்டுவந்தார். வேலை அரை மணி நேரம் நின்றது. இதை எழுதாமல் விடுவது நன்றிகேடு.

பழைய எண்ணெயை வடித்து, வடித்த அளவுக்குப் புதியது ஊற்றி, கூலரும் குழாயும் குடிப்பதற்காகச் சிறிது சிறிதாக மேலும் சேர்த்தோம். அளவு பார்ப்பதற்கும் முறை உண்டு. சமதரையிலே வண்டியை நிறுத்தி, சிறிது ஓடிச் சூடேறிய பின்பு, பிரேக்கை மிதித்தவாறு கியரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுபோய் மீட்டு, யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியை இழுக்க வேண்டும். சூட்டுக் குறிகள் இரண்டுக்கும் நடுவே நின்றது. கூடிவிட்டால் எண்ணெய் நுரைக்கும். குறைவைப் போலவே அதுவும் தீங்கு.

மறுநாள் அதிகாலையிலே புறப்பட்டோம். அத்தான் சாரதி, மருமகள், அக்கா, நாம், வழக்கமான மூட்டைகள். மகா ஓயாவிலே ஒருமுறை நிறுத்தி மூட்டுகளைத் தடவிப் பார்த்தோம், கசிவில்லை. பிபிலைக்கு மேலே ஏற்றம் தொடங்கியது. அத்தான் பேச்சை நிறுத்திக்கொண்டார். முன்னர் கார் நின்ற வளைவை மருமகள் விரல் நீட்டிக் காட்டினாள், அதைக் கடந்தோம். லுணுகலையில் நிறுத்தி, யந்திரத்தை அணைத்து, கூலருக்குச் செல்லும் குழாயைத் தொட்டோம், கை பொறுக்கவில்லை. திரும்பும் குழாயைப் பற்றிக்கொண்டே பத்து எண்ண முடிந்தது. அத்தானும் எண்ணிப் பார்த்தார். பின்பு அக்காவையும் அழைத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தேநீர்க் கடைக்காரர் எங்களைச் சற்று விசித்திரமாக நோக்கினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையை நண்பகலுக்கு முன் அடைந்து, மருமகளை விடுதியிலே விட்டு, இரவு கிரானுக்குத் திரும்பினோம். கடப்படியிலே அடுத்த வளவுக்காரர் நின்றிருந்தார். வாழைச்சேனைச் சந்தைக்கு மீனும் மரக்கறியும் ஏற்றும் பழைய வான் அவருடையது. அதுவும் ஓட்டோ கியர். கையிலே சாக்கட்டியால் கோடு போட்ட ஒரு காட்போட் துண்டு. தன் வானின் ரேடியேற்றருக்கு முன்னேயுள்ள இடத்தை அளந்து வெட்டியிருந்தார். “சேர் திரும்பக் கொழும்புக்கு எப்ப போறீங்க?” என்று கேட்டு அதை எம் கையிலே தந்தார்.