20 லிட்டர் கேன் ஏழே நாளில் காலி... சிங்கப்பூர் வீட்டுக் கடலில் உப்பு எங்கே போச்சு?

"ஏங்க, இந்த கேன் முன்னாடியெல்லாம் பத்து நாள் வரும். இப்ப என்ன, ஒரே வாரத்துல காலியாகுது?"

கேட்டது மனைவி. கையில் 20 லிட்டர் தண்ணீர் கேன். சோபாவில் உட்கார்ந்திருந்த கணவர், போனிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார். "வெயில் ஜாஸ்திம்மா. தொட்டி மேல ஃபேன் ஓடுதுல்ல... தண்ணி ஆவியாப் போகுது."

நம்பும்படியான பதில். அதனாலேயே அடுத்த மூன்று வாரத்துக்கு அந்தக் கேள்வியை யாரும் திரும்பக் கேட்கவில்லை.

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் எட்டாவது மாடி வீவக வீடு அது. வீவக என்றால் அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பு. ஹாலின் ஒரு சுவரை அடைத்துக்கொண்டு 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. உள்ளே இரண்டு கோமாளி மீன்கள், ஒரு இறால், நான்கைந்து வகைப் பவளங்கள். அவற்றில் பெரியது ஹாமர் பவளம். ஒவ்வொரு நுனியும் குட்டிச் சுத்தியல் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். இரண்டே தலையோடு சின்னத் துண்டாக வந்தது, பதினான்கு தலையாகப் பெருகியிருந்தது.

அவருக்குச் சொந்த ஊர் மன்னார்குடி. ஹரித்ராநதித் தெப்பக்குளத்தைப் பார்த்து வளர்ந்தவருக்குக் கடல் ஆசை வந்தது கொரோனா சமயத்தில். 2020-ல் முடக்கம் தளர்ந்த கையோடு தொட்டியை வாங்கினார். மகளுக்கு அப்போது எட்டு வயது. (இதைப் படித்துவிட்டு ஊரில் பவளம் தேடிக் கிளம்பிவிட வேண்டாம். இந்தியாவில் கடினப் பவளங்கள் அத்தனையும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பதும் விற்பதும் குற்றம்.)

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே தண்ணீர் மாற்றும் நாள். மீன் கழிவிலிருந்து உருவாகும் நைட்ரேட் தண்ணீரில் சேர்ந்துகொண்டே போகும். பவளமோ தன் எலும்புக்கூட்டைக் கட்டத் தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். வேண்டாதது கூடும், வேண்டியது குறையும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வைத்தியம், கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புது உப்புநீரை ஊற்றுவது.

அவர் வாரம் 30 லிட்டர் மாற்றுவார். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்க குளோராமின் கலந்திருக்கும். அது இறாலுக்கும் பவளத்துக்கும் ஆகாது. அதனால் ஆர்.ஓ. வடிகட்டியில் பிடித்த தண்ணீரில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கடல் உப்புக் கலவையைக் கொட்டி, இரவெல்லாம் பம்ப் போட்டுக் கலக்கி வைப்பார். காலையில் அதிலிருந்து ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் விட்டு மகளிடம் நீட்டுவார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கத்துவாள். "முப்பத்தஞ்சு!"

ஒரு கிலோ கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. தொட்டியிலும் அதே அளவு இருக்க வேண்டும். அந்தக் கத்தல் கேட்ட பிறகுதான் வாளியைத் தூக்குவார்.

போன வருடம் ஒருநாள் அந்த வாளியைத் தூக்கியபோது இடுப்பில் பளீரென்று ஒரு பிடிப்பு. டிஸ்க் விலகல். இனி கனமான எதையும் தூக்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தொட்டியை விற்றுவிடலாம் என்ற பேச்சுகூட வீட்டில் வந்தது. மகள் ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை.

அப்போது வாங்கியதுதான் தானாகவே தண்ணீர் மாற்றும் மெஷின். டிபன் பாக்ஸ் அளவு பெட்டி. முன்பக்கம் இரண்டு வட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் வளைந்த மெல்லிய டியூப். உள்ளே சுழலும் உருளைகள் டியூபை நசுக்கி நசுக்கித் தண்ணீரைத் தள்ளும். ஒரு டியூப் பழைய தண்ணீரை எடுத்து, சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்திலுள்ள வடிகாலில் விடும். இன்னொன்று 100 லிட்டர் டிரம்மிலிருந்து புது உப்புநீரை உள்ளே கொண்டுவரும். ஒரு நாளைக்கு நாலு லிட்டர் வெளியே, நாலு லிட்டர் உள்ளே. டிரம்மை ஒருமுறை நிரப்பினால் 25 நாளுக்குக் கவலையில்லை.

பெட்டியைப் பார்த்ததும் மனைவி சிரித்தார். "அட, எங்க டயாலிசிஸ் மெஷின்ல ரத்தத்தைச் சுத்த விடற பம்ப் இது!" அவர் டயாலிசிஸ் மையம் ஒன்றில் நர்ஸ்.

மெஷின் நன்றாகத்தான் வேலை செய்தது. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் புதுத் தண்ணீரும் சேர்ந்து வெளியே போய்விடாதா என்று பலருக்குச் சந்தேகம் வரும். போகும், ஆனால் மிகக் குறைவு. 300 லிட்டரில் 30 லிட்டரை ஒரே மூச்சில் மாற்றினால் பழைய அழுக்கில் 10 சதவீதம் போகும். அதே 30 லிட்டரைச் சொட்டுச் சொட்டாக மாற்றினால் 9.5 சதவீதம். இடுப்பு வலியோடு ஒப்பிட்டால் அந்த அரை சதவீதம் ஒன்றுமே இல்லை.

முதல் மாதம் வாராவாரம் உப்பை அளந்தார். அடுத்தடுத்த மாதங்களில் நினைவு வந்தபோது அளந்தார். பிறகு ரிஃப்ராக்டோமீட்டர் மேஜை டிராயருக்குள் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் பத்தரை மணி வரை தூங்கினாள்.

இன்னொரு கருவியையும் சொல்லியாக வேண்டும். தொட்டித் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாகாது, தண்ணீர் மட்டுமே போகும். ஆகவே ஆவியானதை ஈடுகட்ட உப்பில்லாத நல்ல தண்ணீரைத்தான் விட வேண்டும். தொட்டிக்கு அடியில், கேபினெட்டுக்குள் இருக்கும் சின்னத் தொட்டியைச் சம்ப் என்கிறார்கள். (நம் வீட்டுத் தரைக்கடியில் இருக்கும் சம்ப் வேறு.) அதில் ஒரு சென்சார். மட்டம் இறங்கினால் பக்கத்து கேனிலிருந்து நல்ல தண்ணீரை எடுத்து நிரப்பிவிடும். மட்டம் ஏன் இறங்கியது என்று அது கேட்காது.

முதலில் இறால் செத்தது. சட்டை உரிக்கும் நேரத்தில் இறால் சாவது நடக்கக்கூடியதுதான் என்று விட்டுவிட்டார்கள். அடுத்து ஹாமர் பவளம் சுருங்க ஆரம்பித்தது. முன்பு பகலில் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து ஆடும். இப்போது மூடிய மொட்டு மாதிரி. அவர் நைட்ரேட் பார்த்தார், சரியாக இருந்தது. கால்சியம் பார்த்தார், கொஞ்சம் குறைவு. விளக்கு பழசாகிவிட்டது என்று முடிவு கட்டிப் புது விளக்கு வாங்கினார். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் எப்போதும் விலை கூடிய பொருளைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள்.

புது விளக்கு வந்து நாலாம் நாள், மாலை ஷிஃப்ட் முடித்து வந்த மனைவி தொட்டி முன்னால் நின்றார்.

"தினம் நாலு லிட்டர் வெளிய போகுது, நாலு லிட்டர் உள்ள வருதுன்னு யாருங்க சொன்னது?"

"மெஷின்ல அப்படித்தானே செட் பண்ணியிருக்கேன்."

"செட் பண்ணீங்க சரி. அளந்தீங்களா?"

பதில் இல்லை.

"எங்ககிட்ட வர்ற ஒவ்வொருத்தரையும் டயாலிசிஸுக்கு முன்னாடி தராசுல ஏத்துவோம். முடிஞ்சதும் திரும்ப ஏத்துவோம். எவ்வளவு தண்ணி எடுத்தேன்னு மெஷின் காட்டத்தான் செய்யுது. இருந்தாலும் ஏத்துவோம்."

அளவுக்கோடு போட்ட இரண்டு ஜக் வந்தன. இரண்டு டியூபின் முனையையும் ஜக்கில் விட்டு, மெஷினை ஒரு லிட்டருக்கு ஓடவிட்டார்கள். வெளியே போகும் ஜக்கில் 1,000 மில்லி. உள்ளே வரும் ஜக்கில் 800.

அப்போது மணி பதினொன்று. டைனிங் டேபிளில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். ஒரு நாளைக்கு நாலு லிட்டர் உப்புநீர் வெளியே போகிறது, 3.2 லிட்டர்தான் உள்ளே வருகிறது. குறையும் 800 மில்லியைச் சென்சார் நல்ல தண்ணீரால் நிரப்புகிறது. வழக்கமாக ஆவியாவது இரண்டு லிட்டர். இரண்டும் சேர்ந்து 2.8. அப்படியானால் 20 லிட்டர் கேன்...

"ஏழு நாள்" என்றார் மனைவி. அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

டிராயரிலிருந்து ரிஃப்ராக்டோமீட்டர் வெளியே வந்தது. அதன் அளவே தவறியிருக்கலாம் என்று, 35 என உறுதியாகத் தெரிந்த சோதனைத் திரவத்தை விட்டுச் சரிபார்த்துவிட்டுத் தொட்டித் தண்ணீரைப் பார்த்தார். 31. இரண்டு மாதமாவது இப்படி ஓடியிருக்க வேண்டும்.

கோமாளி மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல நீந்திக்கொண்டிருந்தன. தண்ணீரின் உப்பு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் மீன் தன் உடம்பின் உப்பைச் சமாளித்துக்கொள்ளும். பவளத்துக்கு அந்த வசதி கிடையாது. வெளியே எவ்வளவோ, உள்ளேயும் அவ்வளவுதான். இறால் செத்ததற்கு இதுதான் காரணமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

பெட்டியைத் திறந்தால் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. உருளை மாதக்கணக்கில் நசுக்கியதில் உள்ளே வரும் டியூப் தட்டையாகிவிட்டது. நசுங்கிய டியூப் பழையபடி உப்பி எழுந்தால்தான் அடுத்த மடக்குத் தண்ணீரை முழுதாக உறிஞ்சும். டிரம்மில் இன்னொரு பிரச்னை. ஹீட்டரையும் பம்பையும் வாரக்கணக்கில் அணைக்காமலே விட்டதில், சூட்டுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு படிந்து உறிஞ்சும் முனையைப் பாதி அடைத்திருந்தது. கால்சியம் குறைந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

அந்த ராத்திரியே ஒரு கிலோ உப்பை அள்ளிக் கொட்டிவிடத்தான் அவருக்குக் கை பரபரத்தது. அப்படிச் செய்திருந்தால் மிச்சமிருந்ததும் போயிருக்கும். உப்பு மெதுவாக இறங்கியது, மெதுவாகத்தான் ஏற வேண்டும். மெஷினை நிறுத்திவிட்டு, கேனில் நல்ல தண்ணீருக்குப் பதில் 35 உப்புநீரை நிரப்பினார்கள். ஆவியாகும் இரண்டு லிட்டருக்கு உப்புநீர் போய்ச் சேர, ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட கால் புள்ளி ஏறியது. பதினேழு நாள் ஆனது. தினமும் பள்ளிக்குக் கிளம்பும் முன் மகள்தான் அளந்தாள்.

பதினான்கு தலையில் ஒன்பது விரிந்தன. மீதி ஐந்தும் வெள்ளை எலும்பாக நின்றன. அவற்றை வெட்டி எடுக்கலாமா என்று அவர் கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டாள்.

இப்போது டியூப்களை ஜோடியாகத்தான் மாற்றுகிறார், ஒன்று நன்றாக இருந்தாலும். ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் மறுபடி ஏற்றத்தாழ்வு வந்துவிடும். டிரம் காலியாகும்போதெல்லாம் வினிகர் ஊற்றித் தேய்த்துக் கழுவுகிறார். ஹீட்டர் இல்லை, பம்பும் கலக்கும்போது மட்டும். டிரம்மின் அடியில் ஒரு மிதவை சுவிட்ச். தண்ணீர் தீர்ந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பழையது மட்டும் போய்க்கொண்டே இருக்கும், இந்தக் கதை இன்னும் வேகமாக நடக்கும். கேனை நிரப்பும் ஒவ்வொரு தடவையும் அதன் மேல் மார்க்கரால் தேதி எழுதுவது மனைவியின் ஏற்பாடு. காசே ஆகாத அலாரம்.

மாதத்தின் முதல் ஞாயிறு ஜக் சோதனை. இந்த மாதம் மகள் எட்டரைக்கே எழுந்து, இரண்டு ஜக்கையும் ஜன்னல் திட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குனிந்து பார்த்தாள்.

"அப்பா, உள்ள வர்றது முப்பது மில்லி கம்மி."

அவர் போனை சோபாவில் போட்டுவிட்டு எழுந்து வந்தார்.